முடி கொட்டாது என்று நான் சொன்ன நாய்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதம் நடந்தது இது. கொல்லிமலையில் குண்டூர் நாடு என்ற ஊராட்சிப் பக்கம் நான் கால்நடை ஆய்வாளராக இருக்கிறேன். சொந்த ஊர் கீழே, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில். வார நாட்களில் சோளக்காடு ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருப்பேன். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறினால் வீட்டுக்காரர், மாமியார், சமையல் எல்லாம் கீழே காத்திருக்கும். திங்கள் காலை மறுபடி எழுபது வளைவு ஏறி மேலே வந்துவிடுவேன். இப்படியே பதினோரு வருடம் ஓடிவிட்டது.

என் வேலை மாட்டுக்குச் சினை ஊசி போடுவது, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுப்பது, கோமாரி வரும் காலத்தில் வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி போடுவது. நான் டாக்டர் இல்லை. கால்நடை டாக்டர் வேறு ஒருவர், அவர்தான் எனக்கு மேலதிகாரி. ஆனால் மலையில் கையில் ஊசி வைத்திருப்பவர் எல்லாரும் டாக்டர்தான். என்னையும் 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வருடம் திருத்திப் பார்த்தேன். இரண்டாவது வருடம் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் குடியிருந்தார். அங்கேயே அரசு தொடக்கப் பள்ளியில் வேலை. கணவர் வெளிநாட்டில் இருந்ததால் அவரும் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளும் மட்டும்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு துணிக்கொடிதான். அவர் வீட்டில் ரசம் தாளித்தால் என் வீட்டில் நான் தும்முவேன். அவ்வளவு நெருக்கம்.

அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். பனி, புகை, தூசி எதுவும் ஆகாது. ஒருமுறை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடந்த நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வந்து இரண்டு நாள் மூச்சு விட முடியாமல் கிடந்தாள். அன்றிலிருந்து நாய் என்ற பேச்சே அந்த வீட்டில் கூடாது. ஆனால் அவளோ நாய்ப் பைத்தியம். நான் வேலை முடிந்து வண்டியை நிறுத்தும்போதே வந்து நிற்பாள். இன்றைக்கு எத்தனை நாய் பார்த்தீர்கள், என்ன நிறம், கடிக்க வந்ததா என்று ஒன்று விடாமல் கேட்பாள். நானும் இல்லாத நாயையெல்லாம் சேர்த்துச் சொல்வேன்.

ஒரு நாள் சாயங்காலம் டீச்சர் செல்போனை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் ஒரு விளம்பரம். பூடில் கலந்த நாய்க்குட்டிகள், முடி உதிராது, அலர்ஜி உள்ள வீட்டுக்கும் ஏற்றது என்று போட்டிருந்தது. குட்டிகளின் அப்பா பூடிலும் லேப்ரடாரும் சேர்ந்த கலப்பு. அம்மாவும் அதே மாதிரிக் கலப்பு. படத்தில் சுருட்டை முடியோடு கரடி பொம்மை மாதிரி இரண்டு பெரிய நாய்கள் உட்கார்ந்திருந்தன.

"அக்கா, நெசமாவே முடி கொட்டாதுங்களா? பாப்பா தெனமும் கேட்டு உசுர வாங்கறா" என்றார்.

இங்கேதான் என் தலைக்கனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தொழிலே கலப்பினம்தான். ஜெர்சி ஊசியை நாட்டு மாட்டுக்குப் போட்டால் பிறக்கும் கிடேரி, பாலில் அம்மாவைவிடக் கூடவும் சுத்த ஜெர்சியைவிடக் குறைவாகவும் நிற்கும். பாதிக்குப் பாதி, நடுவில் ஒரு வாழ்க்கை. பல வருடமாக விவசாயிகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் மண்டைக்குள் அது ஒரு சட்டமாகவே ஆகிவிட்டது. பூடில் முடி கொட்டாத இனம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்பா பாதி பூடில், அம்மா பாதி பூடில், ஆக குட்டியும் பாதி பூடில். பால் மாதிரி முடியும் நடுவில் நிற்கும். கொஞ்சம் கொட்டலாம், அதிகம் கொட்டாது. மாட்டில் வந்த கணக்கு நாயில் வராமல் எங்கே போகும்?

"தாராளமா வாங்குங்க டீச்சர். நான் எத்தன கிராஸ் பாத்திருக்கேன்" என்றேன்.

"எதுக்கும் பாப்பா டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டு..." என்று அவர் இழுத்தார்.

"இதுக்கெல்லாம் எதுக்குங்க டாக்டரு?" என்றேன். இந்த ஒரு வரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டால் பரவாயில்லை, என் வாயால் வேறு யாரோ கெட இருந்தார்கள்.

குட்டி வருவதற்கு முன்பே பிள்ளை பெயர் வைத்துவிட்டாள். சுருள் சுருளாக முடி இருக்கும் என்று அம்மா சொல்லியிருந்ததால் சேமியா. ஆனால் கூடைக்குள்ளிருந்து இறங்கிய குட்டிக்கு ஒரு சுருள்கூட இல்லை. செம்பட்டை நிறம், படிந்த முடி, மழமழவென்று மூஞ்சி. படத்தில் பார்த்த பெரிய நாய்களுக்குப் புருவத்திலும் வாயைச் சுற்றியும் மீசை தாடி மாதிரி முடி தொங்கியது. இதற்கு ஒன்றுமே இல்லை.

டீச்சர் என்னைப் பார்த்தார். "வளர வளர வரும் டீச்சர். கன்னுக்குட்டிக்கெல்லாம் மொதல்ல இப்புடித்தான்" என்றேன். கன்றுக்குட்டிக்கு எந்தக் காலத்தில் மீசை முளைத்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மாதங்கள் போயின. சேமியா வளர்ந்தது, மீசை வளரவில்லை. பகலில் டீச்சரும் மகளும் பள்ளிக்கூடம் போனபின் என் வீட்டு வாசல் நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். நாற்காலியின் முதுகில் நான் மாட்டி வைக்கும் சாம்பல் நிற ஸ்வெட்டரை இழுத்துப் போட்டு அதன்மேல் சுருண்டுவிடும். உதறினால் முடி பறக்கும். பால் முடி விழுகிறது, பிறகு நின்றுவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டீச்சரிடமும் அதையே சொன்னேன். அவர் வீட்டிலோ ஒரு முடியைக்கூடப் பார்க்க முடியாது. தரை கண்ணாடி மாதிரி இருக்கும். நாய் வந்ததிலிருந்து பாப்பாவே தினமும் கூட்டித் துடைக்கிறாள் என்று டீச்சர் பெருமையாகச் சொல்வார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நான் சொன்னபடி நடந்துவிட்டதே என்று.

அந்தக் கார்த்திகையில் டீச்சருக்கு நாமக்கல்லில் இரண்டு நாள் பயிற்சி போட்டிருந்தார்கள். காலை பஸ்ஸில் இறங்கிச் சாயங்காலம் திரும்ப வேண்டும். பள்ளி விட்டதும் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாவது நாள் விடிந்ததிலிருந்தே மழை. மின்சாரம் போய், கூடவே செல்போன் டவரும் போய்விட்டது. அன்றைக்குப் பார்த்துக் குண்டூர் நாட்டில் ஒரு கிடேரிக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. டாக்டர் வந்து சேரும்வரை நான் கூடவே நின்று, எல்லாம் முடிந்து வீடு வந்தபோது மணி நாலரை. முன்னால் போகும் ஆள் தெரியாத பனிமூட்டம்.

டீச்சர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி முன்னால் குனிந்திருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கியது. தொண்டைக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போனது. சேமியா அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

"என்ன கண்ணு, எப்ப இருந்து?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை வந்தது. அடுத்த வார்த்தைக்கு மூச்சு இல்லை. இரு என்பது போல ஒரு விரலைக் காட்டினாள்.

அலமாரியில் அவளுடைய நீல நிற இன்ஹேலர் எங்கே இருக்கும் என்று டீச்சர் காட்டியிருந்தார். எடுத்துக் குலுக்கி அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். வெறும் காற்றுகூட இல்லை. போன மாதம்தான் வாங்கியது என்று டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் பிள்ளையைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளாக யாருக்கும் தெரியாமல் அவளே அடித்து அடித்துத் தீர்த்திருக்கிறாள். இழுப்பு இன்றைக்கு மட்டும் வந்ததல்ல. எத்தனையோ நாளாக வந்துகொண்டிருந்திருக்கிறது.

போனில் ஒரு கோடுகூட இல்லை. ஆஸ்பத்திரி ஆறு ஏழு கிலோமீட்டர். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்தால் பிடித்துக்கொள்ள அவளுக்குத் தெம்பு இல்லை, முன்னால் நிற்க வைத்தால் இந்தப் பனியில் குளிர் காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். குளிர் தாங்கட்டும் என்று நாற்காலியில் கிடந்த என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, அவளை மார்போடு தூக்கி அதற்குள் பொத்திக்கொண்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். ரோட்டுக்கு ஓடினேன். சேமியாவும் பின்னாலேயே வந்தது. போ என்று கத்தினேன். அது நின்று பார்த்துவிட்டு மறுபடி வந்தது.

ரோட்டில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஐந்து நிமிடம் இருக்கும். எனக்கு அது ஒரு பகல் மாதிரி இருந்தது. அவள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. இந்தச் சத்தம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று காதை அவள் முதுகில் வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

பனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்கு தெரிந்தது. குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளி ஏற்றிய லாரி. நான் ரோட்டின் நடுவிலேயே போய் நின்றுவிட்டேன். டிரைவரும், கிழங்கு ஏற்றி இறக்கும் வேலைக்குப் போகும் ஒரு அம்மாவும் உள்ளே இருந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், தலையில் துண்டு கட்டியிருந்தார். எனக்கு அவரைத் தெரியாது. அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, யாரூட்டுப் புள்ளைங்க?"

"பக்கத்து ஊட்டு டீச்சர் புள்ளைங்க. மூச்சு விட முடியல. ஆஸ்பத்திரிக்குப் போவோணும்."

"நீங்களே டாக்டருங்களே, ஒரு ஊசியப் போட்டுட்டா நிக்காதுங்களா?" என்றார். கேலியாக இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"நான் டாக்டர் இல்லீங்க" என்றேன். "எனக்கு மாட்டு ஊசி மட்டும்தான் தெரியுங்க." எட்டு வருடத்துக்குப் பிறகு அந்த மலையில் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

அவர் உடனே கதவைத் திறந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். டிரைவர் கீழே ஜவ்வரிசி ஆலைக்குப் போக வேண்டிய வண்டியை, அந்தக் குறுகலான ரோட்டில் முன்னும் பின்னும் நான்கு தடவை ஒடித்துத் திருப்பினார். சேமியா லாரிக்குப் பின்னால் ஓடி வருவது கொஞ்ச தூரம் கண்ணாடியில் தெரிந்தது. அப்புறம் பனி மூடிவிட்டது.

சுமை வண்டி, வளைவுக்கு வளைவு முனகியது. ஜன்னலையெல்லாம் ஏற்றிவிட்டோம். பிள்ளையை என் மடியில் வாங்கி முகத்தை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். அவள் திமிறினாள். நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இழுப்பு அதிகமானது. உதட்டைச் சுற்றி நிறம் மாறுவதுபோல எனக்குத் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது.

அந்த அம்மா என் பக்கம் குனிந்து பார்த்தார். என் ஸ்வெட்டரிலிருந்து விரலால் எதையோ வழித்து எடுத்து விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். ஒரு கொத்து செம்பட்டை முடி.

"ஏனுங்க, உங்க சொட்டரு பூரா நாய் முடிங்க. புள்ள மூஞ்சியப் போயி அதுலயே அழுத்தி வெச்சிருக்கறீங்க. கழட்டுங்க மொதல்ல."

கழற்றினேன். அவர் அதைச் சுருட்டிக் காலுக்கடியில் திணித்தார். ஜன்னலை நாலு விரல் இறக்கிவிட்டார். தன் தலைத் துண்டை வெளியே நீட்டி உதறிப் பிள்ளையின் தோளில் போர்த்தி, அவளை நேராக உட்கார வைத்தார். "குனிஞ்சு உக்காரு சாமி. பயப்படாத. மெதுவா வாய் வழியா ஊது. எங்கூட்டுக்காரருக்கும் இழுப்புதான், இப்புடித்தான் உக்காருவாரு" என்று முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். கால்நடைத் துறையில் இத்தனை வருட சர்வீஸ் போட்ட எனக்குத் தெரியாதது, கிழங்கு மூட்டை தூக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் அந்த ஸ்வெட்டரை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்த உடனே உள்ளே தூக்கிப் போய் நெபுலைசர் வைத்தார்கள். ஒருமுறை வைத்தார்கள், ஊசி போட்டார்கள், மறுபடி வைத்தார்கள், மூன்றாவது முறையும் வைத்தார்கள். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் தொண்டைக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழி உள்ளே போவது எப்போது குறையும், எப்போது குறையும் என்று மனதுக்குள் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். மூன்றாவதில்தான் தோள் இறங்கியது. அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. அந்த அம்மாவும் டிரைவரும் அதுவரை வாசலிலேயே நின்றிருந்தார்கள். பிள்ளை தண்ணீர் கேட்டாள் என்று தெரிந்த பிறகுதான் கிளம்பினார்கள். துண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "இருக்கட்டுமுங்க, புள்ள குளிராம இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டாக்டர் ஒரு இளம்பெண். சார்ட்டில் எழுதிக்கொண்டே, வீட்டில் ஆடு, மாடு, நாய் ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை மூக்கில் இருந்த மாஸ்க்கைக் கையால் தூக்கிவிட்டுச் சொன்னாள்.

"நாய் இருக்குதுங்க. ஆனா அது முடி கொட்டாத நாய்ங்க. அத்தையே சொன்னாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். என் சேலையில், முந்தானையில், கை ரோமத்தில் எல்லாம் செம்பட்டை முடி ஒட்டியிருந்தது. அந்த நிமிடம் தரை பிளந்து என்னை விழுங்கியிருக்கக்கூடாதா என்று இருந்தது.

பிறகு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடி மட்டும் காரணமில்லை என்றார். ஒத்துக்கொள்ளாதது நாயின் எச்சிலிலும் தோலிலிருந்து உதிரும் பொடியிலும் இருக்கிறது, முடி அதைச் சுமந்துகொண்டு வீடு முழுக்கப் போகிறது. முடியே கொட்டாத நாயாக இருந்தாலும் அந்த எச்சிலும் பொடியும் இருக்கத்தான் செய்யும், சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்றார். ஒரு டாக்டரிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றும் சொன்னார். டீச்சர் கேட்கத்தான் இருந்தார், தடுத்தது நான்தான் என்று சொன்னேன்.

இனி டீச்சர் வர வேண்டும். அவருக்குத் தகவல் சொல்ல வழியில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் டீச்சர் நாமக்கல் போயிருக்கிறார் என்று நான் வழியில் சொன்னதைக் கேட்டிருந்த லாரி டிரைவர், மலை இறங்கும்போது எதிரே ஏறி வந்த பஸ்ஸை வளைவில் நிறுத்திச் சொல்லியிருக்கிறார். டீச்சர் அந்தப் பஸ்ஸில்தான் இருந்தார். மீதி வளைவு முழுக்க அவர் எப்படி உட்கார்ந்து வந்தார் என்பதை நான் கேட்கவே இல்லை. நன்றாக இருட்டிய பிறகு ஈரச் சேலையோடு உள்ளே ஓடி வந்தார். மகளைத் தொட்டுப் பார்த்தார், முகத்தை முகத்தில் வைத்துக்கொண்டார்.

நான் அவரை வெளியே பெஞ்சுக்குக் கூட்டிப் போய், நான் சொன்னது தப்பு, தெரியாமல் தெரிந்த மாதிரிச் சொல்லிவிட்டேன், இன்ஹேலர் காலியானது, ஸ்வெட்டரில் பொத்தி வந்தது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே, "எனக்கு வேணுங்கற பதிலச் சொல்ற ஆளாப் பாத்துத்தானுங்க அக்கா கேட்டேன். டாக்டர்கிட்டப் போனா வேண்டாம்னு சொல்லுவாங்கன்னு எனக்கும் தெரியும்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

பிள்ளையை மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தானாகவே வீடு திரும்பியிருந்த சேமியா அன்றைக்கே என் வீட்டுக்கு நிரந்தரமாகக் குடி வந்தது. வேறு ஊருக்கு அனுப்ப டீச்சருக்கும் மனம் வரவில்லை. பாப்பா நன்றாக ஆன பிறகு, திறந்த வெளியில் கொஞ்ச நேரம் பார்க்கலாம், தொட்டால் கை கழுவிச் சட்டை மாற்ற வேண்டும், வீட்டுக்குள் மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் சொன்னார். தினமும் எடுக்கும் மருந்தும் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த மாதிரி இழுப்பு வரவில்லை.

அடுத்த வாரம் எங்கள் கால்நடை டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "குட்டி மூஞ்சில மீசை இருந்துச்சாம்மா?" என்பதுதான். இல்லை என்றேன். "அப்பவே தெரிஞ்சிருக்கணுமே. உங்ககிட்ட ரெண்டு கறுப்பு சேர்ந்து செவலைக் கன்னு பொறந்தா என்ன சொல்லுவீங்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வருடத்துக்கு ஒருவராவது இதற்காக என்னிடம் சண்டைக்கு வருவார்கள். கறுப்பு மாடு, கறுப்புக் காளையின் ஊசி, பிறந்தது செவலை, ஊசியை மாற்றிப் போட்டுவிட்டீர்களா என்பார்கள். இரண்டு பக்கமும் செவலை உள்ளே ஒளிந்திருக்கும், இரண்டும் ஒன்றாகக் கன்றில் வந்து சேர்ந்தால் வெளியே தெரியும் என்று நான்தான் அவர்களுக்குப் பாடம் எடுப்பேன். நாயின் மீசையும் அப்படித்தானாம். அந்தக் கலப்பு அப்பா அம்மா இரண்டுக்கும் பூடிலிடமிருந்து மீசையும் லேப்ரடாரிடமிருந்து மீசையில்லாத குணமும் ஆளுக்கொன்று வந்திருக்கும். வெளியே தெரிவது மீசைதான். ஆனால் அவை இரண்டும் சேர்ந்து போடும் குட்டிகளில் சராசரியாக நாலில் ஒன்றுக்கு மீசையில்லாத குணமே இரண்டு பக்கமும் வந்துவிடும். அப்படிப்பட்ட குட்டி பெரும்பாலும் லேப்ரடார் மாதிரியே முடி கொட்டும். சுருட்டை, முடி கொட்டும் அளவு இவற்றைத் தீர்மானிக்கும் வேறு சில குணங்களும் உண்டு. சுருட்டைக் குட்டியிலும் விழும் முடி சுருளுக்குள்ளேயே சிக்கி நிற்கும், சீவி எடுக்காவிட்டால் சடையாகிவிடும் என்றார். பால் மாதிரி எல்லாம் நடுவில் வந்து நிற்காது. இத்தனையும் எனக்குத் தெரிந்த பாடம்தான். மாட்டைப் பார்த்தால் நினைவுக்கு வரும், நாயைப் பார்த்தபோது வரவில்லை. யோசிக்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிறு நான் ஊருக்குப் போகவில்லை. வெயிலில் உட்கார்ந்து சேமியாவுக்குச் சீப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். முடி பந்து பந்தாக வந்தது. பாப்பா துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாள் அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வராத ஒன்றை அன்று கேட்டேன். இவ்வளவு முடி கொட்டியதை, மூச்சு முட்டியதை, ஏன் கண்ணு அம்மாவிடம் சொல்லவில்லை? சேமியாவை அனுப்பிவிடுவார்கள் என்று பயமா?

"அதுவுந்தானுங்க அத்தை" என்றாள். சீப்பிலிருந்த முடியைப் பார்த்துக்கொண்டே, "முடி கொட்டுதுன்னு சொன்னா நீங்க சொன்னது பொய்யாயிருமில்லைங்க. அதான் அம்மா பாக்கறதுக்கு முன்னாடியே கூட்டிருவேன்" என்றாள்.

நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். அதன்பிறகும் மலையில் என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், இது சரியாக வருமா, அது ஒத்துக்கொள்ளுமா என்று கேட்கிறார்கள். நான் யோசிக்காமல் சொன்ன ஒரு வார்த்தை பொய்யாகக் கூடாது என்று ஒரு குழந்தை மூச்சு முட்ட முட்டத் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள் என்ற நினைப்பு ஒவ்வொரு முறையும் வந்து நிற்கிறது. வாய்வரை வந்த பதிலை விழுங்கிவிட்டு, "தெரியலீங்க, கேட்டுச் சொல்றேன்" என்கிறேன்.